இறுக்கம் பொறுக்காத கை

இறுக்கிக் கட்டிய எதைப் பார்த்தாலும் அண்ணியின் கை அங்கே போய்விடும். இளக்கி விட்டுவிட்டுத்தான் திரும்பும். யாரையும் கேட்காது. வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும், கை அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.

அந்தக் கை ஒரு நாள் நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் என் தொடை மேல் போட்டிருந்த ஒரு பெல்ட்டால் நின்றது. அதை மறுபடியும் ஓட வைக்க எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன்.

அண்ணி என்றால் என் அண்ணன் சம்சாரம். விருத்தாசலத்தில் ஒரே பொம்மைக் கம்பெனியில்தான் அண்ணிக்கும் எனக்கும் வேலை. நான் சூளை. அண்ணி அச்சுப் பக்கம். வெள்ளைக் களிமண்ணைப் பால் மாதிரிக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரைப் போட்டு இறுக்கி வைப்பார்கள். தண்ணீரை அச்சு குடித்துவிடும். மண் உள்ளே சுவரில் ஒட்டி நிற்கும். அதற்குப் பெயர் பிடிப்பது. பிடித்த பிறகு ரப்பரைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். முன்னால் பிரித்தால் குதிரைக்குக் கால் அச்சிலேயே தங்கிவிடும். ரொம்ப நேரம் விட்டாலும் ஆகாது. மண் சுருங்கும், அச்சு விடாது, பொம்மை வெடித்துவிடும்.

அண்ணிக்கு வெடிப்பதுதான் பயம். கால் உடைந்து வருவதைப் பற்றிக் கவலையே கிடையாது. தன் அச்சைப் பிரித்த கையோடு அடுத்தவர்களுடையதையும் தொட்டுப் பார்ப்பார். "புடிச்சிடுச்சுடி, இன்னும் என்னா கட்டி வெச்சினு இருக்கற?" என்று ரப்பரைத் தட்டி விடுவார். பாதி நாள் சரியாக இருக்கும். பாதி நாள் அந்தப் பெண்கள் கத்துவார்கள்.

"யக்கா, என் குதிரைக்கு மூணு காலுக்கா!"

"மூணு கால்ல ஓடட்டும். மண்ணுதானே, கரைச்சு ஊத்து."

அவரே அதை எடுத்துத் தொட்டியில் போட்டுக் கரைப்பார். என்னைப் பார்த்துச் சொல்வார், "எங்கிட்ட இருக்கற வரைக்கும் தப்புன்னு ஒண்ணு கெடயாது தம்பி. கரைச்சிடலாம். ஒன் சூளைக்கு வந்தாதான் தப்பு தப்பாவே நின்னுடும்."

எனக்குப் பேச்சு கம்மி. தலையை ஆட்டுவேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மாதா கோயில். எதிர் வீட்டில் ஒரு ஆடு. அதைக் கழுத்து நிமிர முடியாமல் கட்டி வைத்திருந்தார்கள். அண்ணி தண்ணீர்க் குடத்தோடு போனவர், குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஒரு கையால் கயிற்றை இளக்கினார். ஆடு தலையை உருவிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய் மாதாவுக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையைத் தின்றுவிட்டது. கோயில் வேலை பார்க்கிறவர் தெருவுக்கே வந்து கத்தினார்.

"யாரும்மா ஆட்ட அவுத்து வுட்டது?"

"அவுக்கல. லூஸ் பண்ணேன். அது தலய எடுத்துக்கிச்சு."

"மாதா மாலைய தின்னுட்டு நிக்குது!"

"மாதாவே சும்மா இருக்குறாங்க. நீதான் இந்தக் கத்து கத்தற."

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்த வந்தவர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

என் கல்யாணத்தில் நடந்ததை என் சம்சாரம் இன்றைக்கும் சொல்கிறாள். ரவிக்கையை யாரோ அளவு தப்பாகத் தைத்துவிட்டார்கள். மேடையில் உட்கார்ந்தவளுக்கு மூச்சு வாங்குகிறது. யாரிடம் சொல்வது? அண்ணி மாலையைச் சரி பண்ணுகிற மாதிரி பின்னால் வந்தார். முந்தானையை இழுத்து மூடிவிட்டு உள்ளே கொக்கி ஒன்றைக் கழற்றினார். "மூச்சு வுடு" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். எனக்கு அப்போது தெரியாது.

"அக்கா வரலன்னா தாலி ஏறறதுக்கு முன்னாடியே வுழுந்திருப்பேன்" என்பாள்.

அண்ணன் அதற்கு ஒன்று சொல்வார். "ஊர்ல இருக்கற கட்டெல்லாம் அவுத்துட்டா. நான் கட்டினத மட்டும்தான் வெச்சிருக்கா. அதயும் ராத்திரி எழுந்து இருக்குதான்னு தொட்டுப் பாத்துக்கறேன்." அண்ணி கரண்டியைத் தூக்குவார்.

திட்டக்குடி பஸ்ஸில் ஒரு முறை நின்றுகொண்டு போனோம். முன்னால் ஒரு ஸ்கூல் பிள்ளை. ரெட்டைச் சடை, நெற்றித் தோல் இழுபடுகிற மாதிரி ரிப்பன். பஸ் ஆடுகிற ஆட்டத்தில் அண்ணி ரிப்பனை இளக்கிவிட்டார். பிள்ளை திரும்பி முறைத்தது.

"என்னா பண்றீங்க? எங்கம்மா திட்டும்."

"திட்டட்டும். மொதல்ல கண்ண மூடித் தொற. இப்ப மூட முடியுதா இல்லயா?"

அது மூடித் திறந்து பார்த்தது. இறங்குகிற இடத்தில் இரண்டாவது சடையையும் காட்டிக்கொண்டு நின்றது.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. கம்பெனியில் பொம்மைப் பெட்டிகளை வேனில் ஏற்றிக் கயிறு போட்டிருந்தார்கள். ஓரத்துப் பெட்டி நசுங்குகிறது என்று அண்ணி கயிற்றை இளக்கினார். உளுந்தூர்பேட்டை போவதற்குள் அந்தப் பெட்டியே ரோட்டில் விழுந்துவிட்டது. பின்னால் பைக்கில் வந்த ஆள் ஒடித்துத் திருப்பித் தப்பித்தான். முதலாளி அன்றைக்கு ரொம்பக் கோபத்தில் இருந்தார்.

"ஒன் கையக் கட்டிப் போடணும்."

"கட்டுங்க மொதலாளி. நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அவுத்துக்குவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த பைக் ஆளையே நினைத்துக்கொண்டு சூளைக்குப் போனேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அண்ணி எந்த முடிச்சையும் வெட்டியது கிடையாது. கத்தி பக்கத்திலேயே கிடந்தாலும் எடுக்க மாட்டார். "மொதல்ல ரெண்டு பக்கமும் உள்ள தள்ளணும் தம்பி. முடிச்சுக்கு மூச்சு வரணும். அப்புறம் இழு. தானா வரும்." நகம் ஒடிந்தாலும் அப்படித்தான்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. அண்ணிக்கு முதல் குழந்தை கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிப் பிறந்து தங்கவில்லை, அதிலிருந்துதான் இப்படி என்று என் அம்மா சொல்வார். அதற்கு முன்னாலேயே அவள் அப்படித்தான் என்று அண்ணன் சொல்வார். அண்ணி வாயால் எதுவும் சொன்னதில்லை. அப்புறம் ஒரு பையன் பிறந்தான். திருப்பூரில் வேலையில் இருக்கிறான்.

சூளையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. இங்கே பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். என் மகளுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. சம்சாரம் அதை விட்டுவிட்டு வர முடியாது. அண்ணனும் அண்ணியும் வந்தார்கள்.

அங்கே கை வழியாக நெஞ்சுக்குக் குழாய் விடப் பார்த்தார்கள். முடியவில்லை. தொடை வழியாகக் குழாயை விட்டு, அடைப்பு இருந்த இடத்தில் ஸ்பிரிங் வைத்தார்கள். குழாயை எடுத்த பிறகு தொடையில் அந்த ஓட்டையை அமுக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் பெல்ட். இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை. குறுக்கே பிளாஸ்டிக்கில் வில் மாதிரி ஒன்று. அதற்கு அடியில் கண்ணாடி மாதிரி ஒரு குமிழ். பிரஷர் பார்க்கிற பம்பு மாதிரி ஒன்றை வைத்துக் காற்றடித்தார்கள். குமிழ் தொடையை அமுக்கிக்கொண்டது. உள்ளே தோல் தெரியும்.

நர்ஸ் நல்ல பெண். அண்ணியிடம் நிறுத்திச் சொன்னது.

"முன்னாடில்லாம் நாங்களே நின்னு கையால அமுக்கினு இருப்போம்மா. கையே வுட்டுப்போயிடும். இப்ப இந்த பெல்ட்டு பாத்துக்குது. கால மடக்கக் கூடாது. எழுந்திரிக்கக் கூடாது. பெல்ட்ட யாரும் தொடாதீங்க. நாங்களே வந்து எடுப்போம்."

"செரிம்மா" என்றார் அண்ணி.

பக்கத்துக் கட்டிலில் திட்டக்குடி பக்கத்து ஆள் ஒருத்தர். அவர் சம்சாரம் என்னைப் பார்த்துச் சொன்னது, "என்னாங்க, பொண்ணுக்குப் போடற ஒட்டியாணத்த ஒங்களுக்குப் போட்டு வுட்டுட்டாங்க?" அண்ணி அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க தம்பி கல்யாணத்துல கூட இப்புடி அலங்காரம் பண்ணிக்கல" என்றார். அண்ணன் மருந்து வாங்கக் கீழே போனார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. இடுப்பு விட்டுப்போகிற மாதிரி இருந்தது. அசையக் கூடாது. பட்டை இடுப்பெலும்பில் பதிந்தது. நான் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். நர்ஸ் வந்து கால் விரலைத் தொட்டுப் பார்த்தது, பெல்ட்டைப் பார்த்தது, போனது. அண்ணி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"வலிக்குதா தம்பி?"

"இல்ல."

"இறுக்கமா இருக்குதா?"

நான் ஃபேனையே பார்த்தேன். நெற்றியில் வேர்வை இருந்திருக்கும்.

அண்ணி முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தார். போர்வை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் குமிழைப் பார்த்தார். உள்ளே தோல் வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை.

"ரத்தமே இல்ல தம்பி" என்றார். "புடிச்சிடுச்சு."

அச்சுப் பக்கம் சொல்கிற அதே குரல். "புடிச்சதுக்கு அப்புறமும் வெச்சிருந்தா வெடிச்சிடும்" என்று தனக்குத்தானே சொன்ன மாதிரி சொன்னார். கை இடுப்புப் பக்கம் போனது. பட்டையைப் பிடித்திருந்த பூட்டை விரலால் தள்ளினார். டக்கென்று ஒரு சத்தம்.

இளகியது. எனக்குச் சுகமாக இருந்தது. உடம்பு முழுக்க இறங்கிய மாதிரி இருந்தது. மூச்சு விட்டேன். அண்ணி முகத்தில் சிரிப்பு வந்தது. அவரை நான் சிரித்த முகமாகப் பார்த்த கடைசி நேரம் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடைக்கு அடியில் சூடாக இருந்தது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைத்தேன். அண்ணி போர்வையைப் பார்த்தார். பட்டையைப் பிடித்து இழுத்தார். குமிழ் இடம் மாறிப்போய் நின்றது. போர்வை சிவந்துகொண்டே வந்தது.

"யம்மா! ஓடியாங்கம்மா!"

நர்ஸ் ஓடி வந்து பெல்ட்டைத் தள்ளிவிட்டு இரண்டு கையையும் வைத்து அமுக்கியது. உடம்புக் கனத்தை எல்லாம் போட்டு அமுக்கியது. சின்ன உடம்பு. முழங்கை நடுங்கியது. முகவாய் வேர்வை என் வயிற்றில் சொட்டியது. டாக்டர் வந்தார். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டு வந்தது.

"பெல்ட்ட யார் தொட்டது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தாங்க" என்றார் அண்ணி. அந்தக் கேள்வி முடிவதற்குள் சொன்னார்.

ரத்தம் ஏற்றினார்கள். தொடை வீங்கிக் கறுத்தது, கத்தரிக்காய் மாதிரி. காலுக்குக் கெடுதி வரவில்லை. உயிருக்கும் வரவில்லை. கையால் ரொம்ப நேரம் அமுக்கி நிறுத்திவிட்டு மறுபடியும் அதே பெல்ட்டைப் போட்டார்கள். அண்ணி உள்ளே வரவில்லை. வெளியே நடையில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார் என்று அண்ணன் சொன்னார்.

அன்று சாயங்காலம் அந்த நர்ஸ் வந்தது. பம்பைத் திருகிக் காற்றைக் கொஞ்சம் இறக்கியது. பார்த்தது. நின்றது. போய்விட்டு வந்து இன்னும் கொஞ்சம் இறக்கியது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக் கடைசியில் எடுத்துவிட்டது.

"இத கழட்டத்தான் போறீங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன? கட்டியே வெச்சிருந்தா கால் என்னாத்துக்கு ஆவும்? நேரம் வந்தா எளக்கித்தான் ஆவணும்" என்றது. "அந்தம்மா பாசத்துல பண்ணிட்டாங்க. நாங்க ஒண்ணும் சொல்லல."

அதை அண்ணி பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அண்ணனை அனுப்பிக் கூப்பிட்டேன். அண்ணன் தனியாகத் திரும்பி வந்தார்.

"வர மாட்டேங்கறா. உள்ள வந்தா கை சும்மா இருக்காதுன்றா."

வீட்டுக்கு வந்தோம். அண்ணியை யாரும் திட்டவில்லை. என் சம்சாரம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

நான் வேலைக்குத் திரும்பியபோது அண்ணி அச்சுப் பக்கம் இல்லை. முதலாளியிடம் கேட்டுப் பொம்மை துடைக்கிற இடத்துக்கு மாறியிருந்தார். ஸ்பாஞ்சை நனைத்து ஓரத்தைத் துடைக்கிற வேலை. அதில் கட்டும் இல்லை, அவிழ்ப்பதும் இல்லை. அச்சுப் பக்கத்துப் பெண்கள் முதலில் கேலி பண்ணினார்கள்.

"என்னாக்கா, கைக்கு லீவு வுட்டுட்டியா? எங்க குதிரைக்கெல்லாம் நாலு காலு நிக்குது, பாக்கவே நல்லா இல்ல."

அண்ணி குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவர்களும் விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் வெடித்த பொம்மை அதிகம் வந்தது. நான் ஒதுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

எனக்கு வாயால் சொல்ல வராது. செய்து பார்த்தேன். அண்ணி வீட்டுக்குக் கொண்டு போகிற சாமானை எல்லாம் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனேன். அரிசிப் பையை, வாழைத் தாரை, ஸ்ரீமுஷ்ணம் கோயிலில் இருந்து கொண்டுவந்த பிரசாதப் பொட்டலத்தைக் கூட. "நீயே அவுத்துக் குடுத்துட்டுப் போ தம்பி" என்பார். அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

ஒரு ஆட்டுக்குட்டி வாங்கினேன். வளர்க்க இல்லை. அண்ணி வாசலுக்கு எதிரில் வேலிக்காலில் குட்டைக் கயிறாகக் கட்டிவிட்டு வந்தேன். மறைவில் நின்று பார்த்தேன். அது கத்தியது. அண்ணி வெளியே வந்தார். தண்ணீர் வைத்தார். தழை ஒடித்து வாய்க்குக் கிட்டத்தில் பிடித்தார். கயிற்றைத் தொடவில்லை.

எதிர் வீட்டுக்காரி சொன்னாள், "யக்கா, கழுத்து நெரியுது பாரு, கொஞ்சம் லூஸ் பண்ணி வுடேன்."

"கட்னவன் வந்து அவுப்பான்" என்றார் அண்ணி.

நான் போய் அவிழ்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தார். எதற்குக் கட்டினேன் என்று தெரிந்துவிட்டது. உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஆஸ்பத்திரி ஆனபோது பிறந்த பேத்தி தவழ ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் எங்கள் வீட்டில் அண்ணி மடியில் உட்கார்ந்திருந்தாள். அரைஞாண் கயிறு இறுகிப்போய் இடுப்பைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. பிள்ளை வளர்ந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அண்ணி பார்த்துவிட்டார். கை போனது. கயிற்றுக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. மடக்கிக்கொண்டார்.

"புள்ளைக்குக் கயிறு இறுக்குது" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "வந்து பாரு."

என் சம்சாரம் வந்து இளக்கினாள். பிள்ளை சிரித்தது. சம்சாரம் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அன்றைக்குத்தான் நான் வாய் திறந்தேன்.

"அண்ணி, அன்னிக்கு சாயங்காலம் நர்ஸே வந்து அந்த பெல்ட்ட எளக்கிச்சு. கொஞ்சம் கொஞ்சமா. எளக்கத்தான் வேணுமாம். நீங்க பண்ணது தப்பு இல்ல. நேரம்தான் தப்பு."

அண்ணி பேத்தியின் இடுப்பில் இருந்த கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மண்ணா இருந்தா கரைச்சிருப்பேன் தம்பி" என்றார். "நீ மண்ணு இல்லயே."

நான் நல்லாத்தானே இருக்கேன் என்று சொல்லியிருக்கலாம். பேத்தியின் கையை எடுத்து அவர் கையில் வைத்திருக்கலாம். எதுவும் அப்போது தோன்றவில்லை. வெயில் ஏறுது, போய்ட்டு வரேன் என்று சூளைக்குப் போய்விட்டேன்.

போன மழைக்கு அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் டிரிப் ஊசி. மேலே பிளாஸ்டர் சுற்றி இருந்தது. நான் போனபோது புறங்கை வீங்கி, பிளாஸ்டர் தோலுக்குள் பதிந்திருந்தது.

"இறுக்கமா இல்ல?"

"இருக்கட்டும். அவங்க ஒட்டினது. அவங்க எடுப்பாங்க."

நான் போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். அது எடுத்து வேறு கையில் போட்டது. "சொல்ல மாட்டீங்களாம்மா?" என்று கேட்டது. அண்ணி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த வாரம் தாண்டவில்லை.

வீட்டில் கிடத்தியபோது மாமா முறை ஆகிற ஒருத்தர் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டினார். வயலில் கதிர்க்கட்டுக் கட்டுகிற கை. இழுத்து இறுக்கினார்.

"கொஞ்சம் எளக்கிக் கட்டுங்க மாமா" என்றேன்.

"எளக்கினா கால் பிரிஞ்சிக்கும்டா. இரு, எனக்குத் தெரியும்." இன்னொரு முடிச்சும் போட்டார்.

ஆற்றங்கரையில் குழி வெட்டி இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. அண்ணனைப் பிடித்துக்கொண்டு பையன் நின்றான். இறக்குவதற்கு முன்னால் வெட்டியான் சொன்னார், "கால்கட்ட அவுத்து வுட்ரணும். யாரு அவுக்கறீங்க, இல்ல நானே அவுக்கவா?"

நான் போய் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்தால் அந்தத் தொடை இன்னும் இழுக்கும். குளிப்பாட்டிய தண்ணீரிலும் தூறலிலும் துணி நனைந்து முடிச்சு கல்லாகி இருந்தது. நகத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. பின்னால் மழை வலுக்குது என்று யாரோ சொன்னார்கள்.

"கத்தி வெச்சிருக்கேன், அறுத்து வுட்ரட்டா?" என்றார் வெட்டியான்.

"வேணாம்."

"நேரம் ஆவுது சாமி."

"ஆவட்டும்."

முடிச்சை இரண்டு பக்கமும் உள்ளே தள்ளினேன். வரவில்லை. மறுபடியும் தள்ளினேன். கொஞ்சம் மூச்சு வந்தது. அப்புறம் இழுத்தேன். ஒன்று வந்தது. மாமா போட்ட இரண்டாவது முடிச்சும் வந்தது. துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

கால்கள் கொஞ்சம் விலகிக்கொண்டன. நடுவில் துணி பதிந்த கோடு இருந்தது. அதை ஒரு முறை தடவிவிட்டு எழுந்தேன்.